கேள்வி பதில்: கழிவு மேட்டின் அடிவாரத்தைப் பாருங்கள்

வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில் 1966 ஒக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடொன்று சரிந்து பாடசாலையை மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். சென்ற இதழில் இதைப் பற்றி வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிவதும் கப்பலில் வரும் கரிதான். ஆனாலும் கொழும்பில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை என்பது கடிதங்களில் தெரிகிறது. 2017இல் குப்பை மேடு சரிந்த மீதொட்டமுல்லவை யாரும் மறக்கவில்லை.

கல்லையும் மண்ணையும்தானே குவித்திருந்தார்கள்? அது எப்படி ஆறுபோல ஓடி வந்தது?
ஓய்வுபெற்ற ஆசிரியை, கொட்டாஞ்சேனை

ரீச்சர், வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் போனால், அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஒரே இடத்தைக் காலால் பத்துப் பதினைந்து தரம் மிதித்துப் பாருங்கள். முதலில் சிமெந்துத் தரைபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் மேலே நீர் பளபளக்கும், மணல் கூழாகும், கால் புதையும். மிதிப்பதற்கு முன்பு மணல்மணிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உங்கள் பாரத்தைச் சுமந்தன. மிதிக்க மிதிக்க மணிகள் நெருங்கப் பார்க்கின்றன. இடையிலிருந்த நீருக்கு வெளியேற நேரம் போதாததால் பாரம் நீரின் தலையில் ஏறுகிறது. நீருக்கு உராய்வு கிடையாது. அதனால் அது தாங்காது, ஓடும்.

அபர்வானில் நடந்ததும் இதுதான். சரிந்த 7ஆம் இலக்க மேட்டில் கொட்டத் தொடங்கியது 1958இல். உயரம் ஏறக்குறைய 34 மீற்றர். மலைச்சரிவில், ஊற்றும் ஓடையும் இருந்த இடத்தின் மேலேயே கொட்டினார்கள். அந்த நீர்வழி நிலவரைபடத்திலேயே குறித்திருந்தது. கொட்டியதை யாரும் படை படையாக இறுக்கவில்லை. கல்லோடு சேர்த்து, கரியைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் நுண்கழிவையும் அதில் போட்டார்கள். அதற்கு முன்பும் எச்சரிக்கை இல்லாமல் இல்லை: 1944இல் பக்கத்து 4ஆம் இலக்க மேடு சரிந்தது, 1963இல் இதே 7ஆம் மேட்டின் ஒரு பகுதி சரிந்தது. விபத்தன்று காலை 7.30 மணியளவில் வேலைக்குப் போனவர்கள் மேட்டின் உச்சி சுமார் 3 மீற்றர் இறங்கியிருக்கக் கண்டார்கள். 9.15 அளவில் அடிப்பகுதி குழம்பாகி ஓடியது.

உச்சி இறங்கியது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதற்குக் காரணமான நீர் அடியில் எட்டு வருடமாக இருந்தது. மேட்டைப் பரிசோதிக்கப் போகிறவர் எங்கே தொடங்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பாதுகாப்புக் காரணி 1.5 வேண்டும் என்று படிக்கிறோம். 1.4 இருந்தால் என்ன குறைந்துவிடும்?
பொறியியல் மாணவர், மொறட்டுவ

தம்பி, மேட்டைத் தாங்கும் வலிமையை அதைச் சரிக்கப் பார்க்கும் விசையால் பிரித்தால் வருவதுதான் பாதுகாப்புக் காரணி. அது 1க்குக் கீழே போனால் மேடு சரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிவின் உள் உராய்வுக் கோணம் 35 பாகை, ஒட்டுந்தன்மை பூச்சியம் என்று வைப்போம். சாய்வு கிடையாக 2க்கு நிலைக்குத்தாக 1, அதாவது 27 பாகைக்குச் சற்றுக் குறைவு. மேடு உலர்ந்திருந்தால் காரணி, உராய்வுக் கோணத்தின் தான்சனைச் சாய்வின் தான்சனால் பிரித்தால் வருவது: 0.70ஐ 0.50ஆல் பிரிக்க 1.4. இனி அதே மேடு மேற்பரப்புவரை நனைந்து, நீர் சாய்வுக்குச் சமாந்தரமாகக் கசிகிறது என்று கொள்ளுங்கள். நனைந்த கழிவின் அலகு நிறை கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன், நீருடையது 9.8. மணிகளுக்கிடையே அழுத்தத்தைத் தருவது மிச்சமுள்ள 8.2 மட்டும். 8.2ஐ 18ஆல் பிரித்து 1.4ஆல் பெருக்கினால் 0.64.

கோணம் ஒரு பாகைகூட மாறவில்லை. கல்லும் அதே கல். 1.4 என்பது 0.64 ஆகிவிட்டது. ஆகவே 1.4க்கும் 1.5க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படுமுன், எந்த நீர்மட்டத்தை வைத்து அந்த எண்ணைக் கண்டார்கள் என்று கேளுங்கள். கோடைகாலத்து நீர்மட்டத்தில் கிடைத்த 1.5, மாரிகாலத்தில் செல்லாது.

இன்னொன்று. லொறியை விளிம்புக்குப் பின்னோக்கி எடுத்துச் சும்மா கொட்டினால் கழிவு தானாகவே 35 முதல் 38 பாகைவரை நிற்கும். பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் அந்தக் கோணத்தில் நிற்கிறது என்றாலே மேற்பரப்பின் காரணி ஏறக்குறைய 1 என்றுதான் பொருள். அமெரிக்க விதிகளின்படி, 1975 ஒக்டோபர் 31க்குப் பிறகு வந்த கழிவு மேடுகளை 2 அடிக்கு மேற்படாத படைகளாக இறுக்கிக் கட்டவேண்டும், சாய்வு 2க்கு 1ஐத் தாண்டக்கூடாது. அதற்குமேல் போகவேண்டுமானால் காரணி 1.5க்குக் குறையாது என்று பொறியியல் தரவு காட்டி அனுமதி பெறவேண்டும். இந்திய நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் 37.5 பாகையை உச்ச எல்லையாக வைத்து, 30 மீற்றருக்கு மேல் உயரும் மேட்டைப் படிக்கட்டாக வெட்டச் சொல்கின்றன. 37.5 தளர்வான எல்லை என்பது எங்கள் கருத்து. படைபடையாக இறுக்காத மேட்டில் மழைக்காலத்துக்கு அது போதாது.

அவுஸ்திரேலியச் சுரங்கம் ஒன்றுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போகிறேன். கழிவு மேட்டுப் பரிசோதனைக்கு மேற்பார்வையாளருடன் போகவேண்டுமாம். என்ன கொண்டுபோகவேண்டும், எதை எந்த ஒழுங்கில் பார்க்கவேண்டும்?
வாசகி, பம்பலப்பிட்டி

தங்கச்சி, மேட்டுக்குப் போகுமுன் மேசையில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். மேடு வருவதற்கு முந்தைய நிலவரைபடத்தை எடுத்து, அந்த இடத்தில் ஓடை, ஊற்று, சதுப்பு, பழைய சுரங்க வாய் ஏதும் இருந்ததா என்று பாருங்கள். கடந்த 30 நாள் மழைவீழ்ச்சியையும் போன பரிசோதனை அறிக்கையையும் அதன் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பையில் 30 மீற்றர் நாடா, சாய்வுமானி, ஜி.பி.எஸ்., மரமுளைகள், தெளிக்கும் பெயின்ட், 10 லீற்றர் வாளி, நிறுத்தற்கடிகாரம், மூடியுள்ள நாலைந்து தெளிந்த போத்தல்கள், கமரா, வானொலித் தொடர்புக் கருவி. எரியும் அறிகுறி உள்ள மேடென்றால் காபன் மொனொக்சைட் அளக்கும் கருவியும் வேண்டும். தனியாகப் போகக்கூடாது. நல்ல மழைக்கு அடுத்த நாள்தான் போகச் சிறந்த நாள். வெயில் காலத்தில் மட்டும் பார்த்தவர் பாதி மேட்டைத்தான் பார்த்தார்.

முதலில் தூரத்தில் நின்று மேட்டின் பக்கத்தோற்றத்தைப் பாருங்கள். நேர்கோடாக இறங்கவேண்டிய சாய்வு நடுவில் குழிந்து கீழே வயிறுபோலப் பிதுங்கியிருந்தால் உள்ளே எதுவோ நகர்ந்திருக்கிறது. கிட்டப் போனபிறகு இது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது அடிவாரம். மேட்டைச் சுற்றி முழுவதும் நடக்கவேண்டும். வாகனத்திலிருந்து பார்ப்பது கணக்கில் சேராது. தேடுவது கசிவு. நீர் வெளியே வழியாவிட்டாலும் அடையாளம் இருக்கும்: சுற்றிலும் காய்ந்த புல் நடுவே ஒரு பச்சைப் பட்டி, புதிதாக முளைத்த கோரை, செம்மஞ்சளாகப் படிந்த இரும்புக்கறை, வெள்ளை உப்புப் பொருக்கு. கசிவு கண்டால் மூன்று விஷயம் பதியவேண்டும்: எந்த உயரத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது. போன தரம் அடியில் வந்த நீர் இந்தத் தரம் இரண்டு மீற்றர் மேலே வந்தால் உள்ளே நீர்மட்டம் உயர்ந்துவிட்டது.

அளவுக்கு வாளியே போதும். 10 லீற்றர் வாளி 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லீற்றர். நிலையான கசிவென்றால் கானின் குறுக்கே 90 பாகை வெட்டுள்ள தகட்டை வைக்கலாம். வெட்டின் அடியிலிருந்து நீர் 5 சென்றிமீற்றர் உயரத்தில் போனால் செக்கனுக்கு ஏறக்குறைய 0.8 லீற்றர், 10 சென்றிமீற்றர் என்றால் 4.4 லீற்றர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் கூடும் என்பதால், அளவுகோலில் ஒரு சென்றிமீற்றர் பிழையும் பெரிய பிழை. உயரத்தைத் தகட்டுக்கு ஒட்டி அளக்காமல், சற்று மேலே நீர் வளையத் தொடங்காத இடத்தில் அளவுங்கள்.

நிறம் பார்க்கத்தான் போத்தல். நீரை எடுத்து மூடி, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்று பாருங்கள். தெளிந்த கசிவு எப்போதும் கெட்டதில்லை. வடிகால் வேலை செய்கிறது என்றுகூட இருக்கலாம். கலங்கிய நீர் என்றால் அது மேட்டின் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கே அறிவிக்கவேண்டிய செய்தி அது. பெருமழைக்குப் பிறகு, வழக்கமாக வரும் கசிவு நின்றுபோனாலும் சந்தோஷப்படாதீர்கள். வழி அடைபட்டு உள்ளே நீர் தேங்கக்கூடும்.

அடிவாரத்துக்கு வெளியே இருக்கும் தரையையும் விடாதீர்கள். வேலிக்கம்பம் சாய்ந்திருக்கிறதா, பாதை மேலெழும்பி வெடித்திருக்கிறதா, ஓடை அடியை அரிக்கிறதா, யாராவது நிரப்புவதற்கென்று அங்கே கல் வெட்டி எடுத்திருக்கிறார்களா. அடியில் மண் எடுப்பதும் உச்சியில் பாரம் ஏற்றுவதைப்போலவே கெடுதல் செய்யலாம். மேட்டைத் தாங்குவது அந்த அடிதான்.

பிறகு வடிகால்கள். மேட்டுக்கு மேலே, மலைநீரைத் திருப்பிவிடும் கான்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அதில் மண் எத்தனை சென்றிமீற்றர் படிந்திருக்கிறது என்று கோலால் குத்தி அளவுங்கள். மேட்டுக்கடியால் குழாய் போகிறதென்றால் நீர் உள்ளே போகும் வாயையும் வெளிவரும் வாயையும் இரண்டையும் அளக்கவேண்டும். உள்ளே நிமிடத்துக்கு 60 லீற்றர் போய் வெளியே 40 வந்தால், அந்த 20 லீற்றர் மேட்டுக்குள் போகிறது. வெளிவாயை மட்டும் பார்த்து, நீர் ஓடுகிறது, சரி என்று எழுதிவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் தவறு.

உச்சிக்குக் கடைசியில் ஏறுங்கள். தேங்கிய நீர், விளிம்புக்குச் சமாந்தரமான வெடிப்பு, தரை ஓரிடத்தில் படிபோல இறங்கியிருப்பது, லொறி பின்னோக்கி வரும் இடத்தில் மண்வரம்பு பெரிய வாகனத்தின் சக்கர அச்சு உயரத்துக்குக் குறையாமல் இருப்பது. இவ்வளவும் பார்க்கவேண்டும். விளிம்பில் நிற்கவேண்டாம்.

அறிக்கை எழுதும்போது 'கசிவு இல்லை' என்பதையும் 'புல் மூடியிருந்ததால் பார்க்க முடியவில்லை' என்பதையும் வெவ்வேறாக எழுதுங்கள். இரண்டாவதை எழுதக் கூச்சப்பட்டு முதலாவதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார். படங்களை ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் எடுங்கள்.

உச்சியில் வெடிப்புக் கண்டால் எவ்வளவு அகலம்வரை பயமில்லை?
வாசகர், வத்தளை

அகலத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. கைநுழையும் வெடிப்பு இரண்டு வருடமாக அசையாமல் கிடக்கலாம், பேனை நுழையாத வெடிப்பு நாளைக்குச் சரிவாகலாம். கேட்கவேண்டியது வேகம்.

வெடிப்பின் இரு பக்கத்திலும், அதற்குச் செங்குத்தாக, ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு இரும்பு முளைகளை ஆழமாக அடியுங்கள். முளைத்தலையில் ஒரு புள்ளி குத்தி, புள்ளிக்குப் புள்ளி மில்லிமீற்றரில் அளவுங்கள். ஒரு பக்கம் கீழிறங்கினால் அந்த உயர வித்தியாசத்தையும் எழுதுங்கள். ஒரு வெடிப்புக்கு மூன்று இடத்திலாவது இப்படி வேண்டும், நடுவிலும் இரு முனைக்குக் கிட்டவும். முனைகளில் பெயின்டால் கோடிட்டுத் தேதி எழுதிவிட்டால் வெடிப்பு நீள்கிறதா என்பதும் தெரியும். பிறகு வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மேலே பொலித்தீன் விரித்து ஓரத்தைப் புதைத்துவிடுங்கள். திறந்த வெடிப்பு மழைநீரை நேரே உள்ளே இறக்கும் புனல்.

எண்களை எப்படி வாசிப்பது? நாளொன்றுக்கு 1, 1.25, 1.67, 2.5, 5 மில்லிமீற்றர் என்று ஐந்து நாள் வேகம் வந்ததாக வைப்போம். வேகத்தைத் தலைகீழாக்கினால் 1, 0.8, 0.6, 0.4, 0.2. வரைபுத்தாளில் இது நேர்கோடு. அந்தக் கோடு பூச்சியத்தைத் தொடுவது ஆறாம் நாள். ஐந்தாம் நாள் 5 மில்லிமீற்றர்தானே என்று இருந்தவர் ஆறாம் நாள் மேட்டின்கீழ் இருப்பார். இந்த முறையை 1985இல் ஜப்பானியரான ஃபுகுஸோனோ முன்வைத்தார். இன்றும் திறந்தவெளிச் சுரங்கங்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நடுவில் மழை பெய்தால் கோடு வளையும் என்பதால் ஒரே ஒரு நாளைக் குறித்து உட்கார்ந்திருக்கக்கூடாது. கோடு கீழே இறங்கத் தொடங்கினாலே ஆட்களை அகற்றவேண்டும்.

கழிவு மேடு தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, நீர் அடித்து அணைத்தால் என்ன?
வாசகர், முகத்துவாரம்

அணைக்கப் போனவரைக் கொல்லக்கூடிய வழி அது. கழிவில் மிஞ்சிய கரியும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமமும் காற்றோடு சேர்ந்து சூடாகும். இறுக்காத மேட்டில் பெரிய கற்கள் உருண்டு அடியில் சேர்வதால் அங்கேதான் காற்று நுழையும். சூடு மேலே ஏறி வெளியேறும். புகைபோக்கி வைத்த அடுப்புப்போலத்தான். மழைக்குப் பிறகு மற்ற இடம் நனைந்திருக்க ஓரிடம் மட்டும் சீக்கிரம் காய்வது, விடியற்காலையில் ஆவி எழுவது, தாரும் கந்தகமும் கலந்த நாற்றம், துளையைச் சுற்றி மஞ்சள் பொருக்கு, கருகிய புல், செங்கல் நிறமாக மாறிய கல் ஆகியவை அடையாளங்கள்.

எரிந்த இடத்தில் மேற்பொருக்கு நிற்கும், உள்ளே வெற்றிடமாக இருக்கும். மேலே நடந்தால் இடிந்து உள்ளே விழலாம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிவந்த கரியில் நீரைப் பீச்சினால் நீராவி வெடித்துச் சூடான கழிவை வீசும். ஐதரசனும் காபன் மொனொக்சைட்டும் உண்டாகி அவையும் தீப்பிடிக்கும். சரியான முறை மெதுவானது. எரியும் பகுதியைச் சுற்றி அகழி வெட்டிப் பிரித்து, சிறிது சிறிதாகத் தோண்டி, மெல்லிய படையாகப் பரப்பி ஆறவிட்டு, மீண்டும் இறுக்கி, களிமண்ணால் மூடவேண்டும். எரியும் மேட்டில் புதிய கழிவைக் கொட்டக்கூடாது. தீயைக் கட்டுப்படுத்தக் கொட்டுவது மட்டுமே விலக்கு. கரி எரிக்கும் மின்நிலையங்களில் கரியைப் படையாகப் பரப்பி டோசரால் இறுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ட்ரோன், செய்மதி எல்லாம் வந்துவிட்டனவே. இன்னும் நடந்துபோய்ப் பார்க்கவேண்டுமா?
வாசகர், வெள்ளவத்தை

வேண்டும். செய்மதி ராடார் மில்லிமீற்றர் அளவு அசைவைக் காட்டும். ஆனால் பல நாளுக்கு ஒருமுறைதான் கடந்துபோகும். அடர்ந்த செடி மூடினால் அளவு கெடும். ட்ரோன் படத்தில் கனஅளவும் சாய்வும் நன்றாகக் கிடைக்கும். புல்லுக்குள் கசியும் நீரையும் அதன் கலங்கலையும் இரண்டும் காட்டாது. இவற்றோடு ஒப்பிட்டால் மிகப் பழைய கருவியான பீசோமீற்றர்தான் நீரைப் பற்றி நேரே பேசும். துளையிட்டு இறக்கிய குழாய், அடியில் துளைகளும் சுற்றிலும் மணலும், அதற்குமேல் பென்டொனைட் களிமண் அடைப்பு, அவ்வளவுதான். அளவு நாடாவை இறக்கி நீர்மட்டத்தை வாசிக்கலாம். களிமண் அடைப்பு சரியில்லையென்றால் மேலேயிருந்து வழியும் மழைநீரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். மழை பெய்த உடனேயே மட்டம் துள்ளி ஏறும் குழாயைச் சந்தேகியுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது சட்டம்?
வாசகர், தெமட்டகொடை

நாட்டுக்கு நாடு வேறு. நீரைத் தேக்கி வைக்கும் கழிவு அணைகளை அமெரிக்காவில் தகுதிபெற்றவர் 7 நாளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். வேல்ஸில் கைவிடப்பட்ட மேடுகள் மட்டும் 2,500க்கு மேல். அவற்றில் ஆபத்து அதிகமான 'டி' வகையை வருடத்துக்கு இரு தரமும் 'சி' வகையை ஒரு தரமும் பார்க்கிறார்கள். அங்கே இந்தக் கவனம் கூடியது 2020 பெப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் மேட்டிலிருந்து ஏறக்குறைய 60,000 தொன் கழிவு சரிந்த பிறகு. சுரங்கம் மூடிப் பல வருடமான மேடு அது. மூடிவிட்டால் ஆபத்தும் மூடிவிடும் என்று நினைப்பதற்கில்லை: வடிகாலைத் துப்பரவாக்க ஆளில்லாமல் போவது அப்போதுதான்.

ஆனால் நாள்கணக்கு மட்டும் காப்பாற்றாது. மேற்கு வேர்ஜினியாவின் பஃபலோ கிறீக்கில் 1972 பெப்ரவரி 26 அன்று கழிவால் கட்டிய அணை உடைந்து 13 கோடி கலனுக்கு மேற்பட்ட கரிய நீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. 125 பேர் இறந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்புதான் அரசாங்கப் பரிசோதகர் பார்த்துத் திருப்தி தெரிவித்திருந்தார். அந்த அணையை முன்பு படிந்த சேற்றின் மேலேயே கட்டியிருந்தார்கள். மேலதிக நீர் வெளியேற இருந்தது 24 அங்குலக் குழாய் ஒன்று. இடையில் மழை பெய்தது. பரிசோதித்த தேதியைவிட, அதன்பின் எவ்வளவு மழை பெய்தது, நீர் அணையின் உச்சிக்கு எத்தனை சென்றிமீற்றர் கீழே நிற்கிறது என்ற இரண்டும்தான் அந்தப் பள்ளத்தாக்குக்குத் தேவைப்பட்டன.

இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்? மொழிபெயர்ப்பில் திண்டாடுகிறேன்.
மொழிபெயர்ப்பாளர், கிருலப்பனை

கழிவு மேடு, கழிவுக் குவியல் இரண்டும் எல்லோருக்கும் விளங்கும். திறந்தவெளிச் சுரங்கத்தில் கரிக்கு மேலேயிருந்து அகற்றும் மண்ணை மேல்மண் என்று எழுதலாம். அகராதியில் தேடிப் புதுச்சொல் செய்வதைவிடக் கசிவு, வெடிப்பு, பிதுக்கம், கான், வரம்பு என்று நாம் தினமும் சொல்வதை எழுதினால் வேலைத்தளத்தில் இருப்பவர் படிப்பார்.

எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் கட்டட இடிபாடும் மண்ணும் மூன்று மாடி உயரத்துக்குக் குவித்திருக்கிறார்கள். மழை வந்தால் நித்திரை இல்லை. நாங்களே பார்க்கக்கூடிய அடையாளம் உண்டா?
வாசகி, கொலன்னாவை

உண்டு, அக்கா. மீதொட்டமுல்லவில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்தது குப்பை மேடு, இறந்தவர்கள் 32 பேர். அது நின்றது சதுப்பு நிலத்தில். மென்மையான நிலத்தில் பாரம் கூடினால் மேடு மட்டும் சரிவதில்லை, அடியிலுள்ள சேறே பிதுங்கி முன்னாலுள்ள தரையை உயர்த்தும். அதனால் மேட்டை அண்ணாந்து பார்ப்பதைவிட உங்கள் வீட்டுத் தரையைக் குனிந்து பாருங்கள்.

நேற்றுவரை சரியாகப் பூட்டிய கதவு இறுகுகிறதா? தரையில் புது வெடிப்பு வந்து ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதா? மதில் மேட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறதா? மதிலின் மேலே ஓர் ஆணியடித்து, நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது நிற்கும் இடத்தைக் கீழே பென்சிலால் குறித்துத் தேதி போடுங்கள். வெடிப்பின் இரு முனையிலும் அப்படியே தேதி போடுங்கள். பின்கானில் மழைக்குப் பிறகு வரும் நீரைத் தெளிந்த போத்தலில் எடுத்து வையுங்கள். மழையை அளக்க, பக்கம் நேரான பால்மா ரின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் பார்த்தால் போதும். மலையகச் சரிவுகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற படிகளில் எச்சரிக்கும். அவை இயற்கைச் சரிவுகளுக்கான அளவுகள். இறுக்காத மேட்டுக்கு 75ஐயே கடைசி எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

முறைப்பாட்டைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். வெடிப்பின் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடுத்த படமும் தேதிவாரியான அளவுகளும் இருந்தால், வருகிற அதிகாரிக்கு ஒரு வாரத்து வேலை மிச்சம். முறைப்பாட்டுப் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

மாலையில் இலகுவாகத் திறந்த கதவு இரவு மழையில் இறுகினாலோ, தரை வெடிக்கும் சத்தம் கேட்டாலோ, விடியட்டும் என்று இருக்கவேண்டாம். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் பக்கவாட்டாக விலகுங்கள். மேட்டுக்கு நேர் முன்னால் போகும் ஒழுங்கையால் ஓடவேண்டாம். சரிவும் அந்த வழியாகத்தான் வரும். எந்த ஒழுங்கையால் போவது என்பதை இன்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்து வையுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு.